நாலாவது கம்பு

"இருநூறு பக்கம் தாண்டியாச்சு, இன்னும் அவன் அவ கையைக்கூடப் பிடிக்கலையா?"

டிரைவிங் ஸ்கூல் ஆபீசில், மேஜை விளிம்பில் உட்கார்ந்து கார் சாவியைச் சுழற்றிக்கொண்டே கேட்டான் தம்பி. ஃபீஸ், ஃபோன் எல்லாம் அக்கா பொறுப்பு. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தம்பி. ஃபோன் அடிக்காத நேரமெல்லாம் அக்காவின் கையில் ஒரு காதல் நாவல் இருக்கும். அதுவும் ஆமை வேகக் காதல்தான் வேண்டும் அவளுக்கு. முதல் அத்தியாயத்திலேயே "ஐ லவ் யூ" என்று வந்துவிட்டால் புத்தகத்தை மூடி வைத்துவிடுவாள்.

"இப்பத்தான் மழைக்கு ரெண்டு பேரும் ஒரே கடை வாசல்ல ஒதுங்கியிருக்காங்க."

"பேசினாங்களா?"

"இல்லை. அவ மூக்குக்கண்ணாடியெல்லாம் தண்ணி. கர்ச்சீப்பை நீட்டலாமா வேண்டாமான்னு அவன் யோசிக்கிறான்."

"நீட்டினானா?"

"அடுத்த அத்தியாயத்துலதான் தெரியும்."

"கண்றாவி! வாயைத் திறந்து சொன்னா நாலு பக்கத்துல முடிஞ்சிடும்."

"போடா. அவசரப்பட்டா அது நாவல் இல்லை, நோட்டீஸ். ரெண்டு பேரும் சொல்லாம தவிக்கிறாங்களே, அதுதான் சுகமே. உனக்கெங்கே தெரியப்போகுது, மரமண்டை! முப்பத்தெட்டு வயசாச்சு. நேத்து ஒரு வரன் வந்துச்சே, போட்டோவைப் பார்த்தியா?"

"பார்த்தேன். சரிப்படாது."

"கவரையே பிரிக்கலையேடா!"

தம்பி சிரித்துக்கொண்டே மைதானத்துக்கு நழுவினான். அக்காவுக்குப் பெருமூச்சு வந்தது. நமக்கப்புறம் இவனுக்கு யார் என்ற கவலை அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ரிவர்ஸ் மேடம் வந்துவிட்டாள்.

அது அக்கா வைத்த பெயர். எட்டு மாதத்துக்கு முன்னால், "லைசென்ஸ் எப்பவோ வாங்கினது, கொஞ்சம் பழகிக்கணும்" என்று வந்து சேர்ந்தவள். முன்னால் போகச் சொன்னால் ஒழுங்காகப் போவாள். பின்னால் வரச் சொன்னால் தொலைந்தது. நட்டு வைத்த கம்புகளில் நாலைச் சாய்க்காமல் காரை விட்டு இறங்கமாட்டாள்.

மற்றவர்கள் கிளட்ச்சைத் தப்பாக மிதித்தாலே காட்டுக்கத்தல் கத்துகிற தம்பி, இவள் சாய்த்த கம்புகளை மட்டும் வாயே திறக்காமல் மறுபடி நட்டுக்கொண்டிருந்தான். பாவம், கத்திக் கத்தித் தொண்டையே போய்விட்டது போலிருக்கிறது என்று அக்காவுக்குப் பரிதாபமாக இருந்தது.

வகுப்பு முடிந்து அவன் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தான்.

"இன்னிக்கே அந்தம்மாகிட்ட சொல்லிடப்போறேன்" என்றாள் அக்கா. "இனிமே வரவேண்டாம்னு. எட்டு மாசமாகியும் ஒருத்திக்கு ரிவர்ஸ் வரலைன்னா நம்ம ஸ்கூல் பேர் என்னடா ஆறது?"

"ஐயோ, வேண்டாங்க்கா. பாவம். அடுத்த மாசம் பார்த்துக்கலாம்."

"போன மாசமும் இதையேதான் சொன்னே."

செருப்பை மாட்டிக்கொண்டு மேடத்தின் பின்னாலேயே கிளம்பிவிட்டாள் அக்கா.

ரிவர்ஸ் மேடம் வேகமாக நடந்து, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சந்தில் திரும்பினாள். இரண்டு பக்கமும் பைக்குகளும் தள்ளுவண்டிகளும் அடைத்துக்கொண்டிருந்த சந்து. அதன் கோடியில் ஓர் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. கைப்பையிலிருந்து யூனிஃபார்ம் சட்டையை எடுத்து மேலே மாட்டிக்கொண்டாள் மேடம். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சைரன் அலறியது. ஒரு பைக்கின் கைப்பிடியைக்கூட உரசாமல், அத்தனை நீளச் சந்தையும் பின்பக்கமாகவே கடந்து தெருவுக்கு வந்து பறந்துவிட்டது வண்டி.

சுவரோடு ஒட்டி நின்ற அக்காவுக்கு வாய் மூடவில்லை.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்றார் ஆஸ்பத்திரி வாட்ச்மேன்.

"அவங்க... ரிவர்ஸ்..."

"அவங்களுக்கென்ன! பத்து வருஷமா ஆம்புலன்ஸ் ஓட்டறாங்க. கண்ணைக் கட்டிவிட்டாலும் ரிவர்ஸ் எடுப்பாங்க. போன வருஷம் டிராஃபிக்ல மாட்டிக்கிட்டப்போ, யாரோ டிரைவிங் ஸ்கூல்காரர் தன் காரைக் குறுக்கே போட்டு, மத்த வண்டியையெல்லாம் மறிச்சு வழி விட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லித் தானா சிரிச்சுக்குவாங்க. கல்யாணம் எப்பன்னு கேட்டா மட்டும் பேச்சை மாத்திடுவாங்க."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அடிப்பாவி! எத்தனை நாவல் படித்து என்ன பிரயோஜனம்? ஜன்னலுக்கு வெளியே நடந்த காதல் கண்ணில் படவில்லையே! போதாக்குறைக்கு, அதற்கு முற்றுப்புள்ளி வைக்க வேறு கிளம்பி வந்திருக்கிறாள். நல்லவேளை, வாயைத் திறப்பதற்குள் வண்டி போய்விட்டது. மூச்சிரைக்க மைதானத்துக்கு ஓடினாள்.

தம்பி குனிந்து கம்புகளை நட்டுக்கொண்டிருந்தான்.

"டேய் மரமண்டை! உன் ரிவர்ஸ் மேடம் யார் தெரியுமா? ஆம்புலன்ஸ் டிரைவர்டா! அத்தனையும் நடிப்பு! உனக்காகத்தான் தினம் வந்து கம்பைச் சாய்க்கிறா!"

தம்பி நிமிரவே இல்லை.

"தெரியும்க்கா. ரெண்டாவது வாரமே சிக்னல்ல பார்த்துட்டேன். சைரன் போட்டுக்கிட்டு என்னையே ஓவர்டேக் பண்ணிட்டுப் போனாங்க. அவங்களும் கண்ணாடியில என்னைப் பார்த்துட்டாங்க. அதுவரைக்கும் தினம் மூணு கம்புதான் விழும். மறுநாள்லேர்ந்து நாலு."

"அடப்பாவி! ரெண்டு பேருக்கும் தெரிஞ்சா இத்தனை மாசமா இந்தக் கூத்து? வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கவேண்டியதுதானே!"

தம்பி நாலாவது கம்பைப் பிடுங்கி, சுலபமாக இடிபடும்படி கார் வரும் வழிக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளி நட்டான்.

"அவசரப்பட்டா நோட்டீஸ் ஆயிடும்னு நீதானேக்கா சொன்னே? எங்களுக்கு இப்பத்தான் இருநூறு பக்கம் ஆகியிருக்கு!"