கோரஸ் பிரிந்தபோது

கட்டுக்கலையிலுள்ள வீட்டின் முன்னறையில், மழை நாளின் மங்கல் வெளிச்சத்தில், யோகமலர் கதிரை நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். சுவரெல்லாம் ஓட்டை போட்டு ஐந்து ஸ்பீக்கர் மாட்டி முடித்த கணவன் பத்மராஜ், போனில் ஒரு பழைய பக்திப் பாட்டைப் போடுகிறான். கல்யாணத்துக்கு முன்பு அவளும் தங்கை சாந்தமலரும் கோரஸ் பாடிய பாட்டு. இப்போது புதுப்பித்து இணையத்தில் விட்டிருக்கிறார்கள். "இது ஸ்டீரியோ, கேளு." எல்லாம் எதிரேயிருந்து வருகிறது. அக்கா தங்கை குரல் எப்போதும்போல ஒன்றாகவே ஒலிக்கிறது. "இப்ப பாரு, சரவுண்ட்." ரிமோட்டை அழுத்துகிறான். பாடகர் முன்னாலேயே நிற்க, கோரஸ் அவள் முதுகுக்குப் பின்னால் போய் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று அலுமாரிப் பக்கம், மற்றது மாலை போட்ட சாந்தமலரின் படத்துக்குக் கீழே. யோகமலர் சட்டென்று திரும்புகிறாள். "இதுல நான் எதுங்க?" "எனக்கெப்படித் தெரியும்? நீதானே பாடுன?" கதிரையை அலுமாரிப் பக்கம் இழுக்கிறாள். படத்தடியில் ஒலிப்பது தன் குரல் மாதிரி இருக்கிறது. அங்கே இழுத்துப் போனால், அலுமாரிப் பக்கத்துக் குரல்தான் தன்னுடையதோ என்று தோன்றுகிறது. பாட்டின் அடி முடிகிறது. கோரஸ் ஒலிக்கும் இரண்டு ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்குகின்றன. அவளும் வாங்குகிறாள்.