ஊளையிடும் விமானம்

"ங்கீ...ஈ...ஈ..."

இருட்டியதும் கொட்டகைப் பக்கமிருந்து அந்தச் சத்தம் கிளம்பியது. தொட்டிலில் கிடந்த எல்ஸி வீலென்று அலறினாள்.

ஜோவான் பிள்ளையை இடுப்பிலும் பிள்ளையின் டயப்பர் பையைத் தோளிலும் போட்டுக்கொண்டு போய் நின்றாள். ஒரு காலத்தில் தோட்டத்து ரப்பர் பால் எடைபோட்ட கொட்டகை அது. இப்போது அதன் வாசலில் அவள் கணவன் கோலின் சொந்தக் கையால் கட்டிய விமானம் நின்றது. இரண்டு சீட்டு, ஓர் எஞ்சின், ஊளையிடும் ரேடியோ.

எஞ்சினை முறுக்கினால் ஊளையும் ஏறியது. நிறுத்தினால் நின்றது.

"பேய்க்கெல்லாம் வேலை போச்சு," என்றாள். "ஈப்போவில ரேடியோ கடைக்காரன் உங்களாலதான் பொழைக்கிறான். சத்தம் மட்டும் அப்படியே இருக்கு."

கோலினின் கூட்டாளி மதீசன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டான். எலக்ட்ரானிக்ஸில் பட்டம் வாங்கியவன். அதைச் சொல்லாமல் அவனால் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்க முடியாது.

"அக்கா, பட்டம் வாங்கினவன் சொல்றேன், இது எர்த் பிரச்சினை. எல்லாக் கறுப்பு வயரும் ஒரே போல்ட்டில இறுக்கமா சேரணும். இல்லன்னா கரண்ட் ரேடியோ வழியா சுத்திப் போகும், கத்தும். இதெல்லாம் கான்வென்ட்ல சொல்லித் தந்திருக்க மாட்டாங்க."

"ஜெபமும் சொல்லித் தந்தாங்க, கரண்ட்டும் சொல்லித் தந்தாங்க."

கோலின் தலையைச் சொறிந்தான். "மச்சான், அந்த போல்ட்டை ஒருவாட்டி பாத்துடலாமா?"

"நானே முறுக்கினது! என் கையையே சந்தேகப்படுறியா?"

"அதானே," என்றாள் ஜோவான். "பட்டதாரி கை பட்ட போல்ட்டுலா. மாலை போட்டு வைங்க. தொட்டுடாதீங்க."

மதீசனுக்கு அது கிண்டல் என்றே படவில்லை. தலையை ஆட்டிக்கொண்டான். இப்படித்தான் ரேடியோ மாறியது, வயர் மாறியது, ஹெட்போன் மாறியது. போல்ட் மட்டும் மாறாத மரியாதையோடு இருந்தது.

"விமான கிளப்பில என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள் ஜோவான்.

"சத்தம் நிக்காம பறக்கக் கூடாதாம்," என்றான் கோலின்.

"அப்போ இந்த ஜென்மத்தில இல்ல. பேசாம இதுல கோழி வளர்க்கலாம். கோழியாவது ரெண்டடி பறக்கும்."

மதீசன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். கோலின் சிரிக்கவில்லை.

"போதும் ஜோ. ஞாயித்துக்கிழமை பறக்கப் போறேன்."

"சத்தம்?"

"ரேடியோவே வேணாம். அணைச்சுட்டுப் போறேன். கிளப்புக்கு யாரு சொல்லப் போறா? ஓடிக் கிளம்பத் தோட்டத்து ரோடு காலியாத்தானே கிடக்கு."

"மலைப் பக்கம் மழை இறங்கினா?"

"கண்ணு இருக்குலா."

"பின்னாடி வேற விமானம் வந்தா? அதுக்கும் கண்ணு இருக்கா?"

ஜோவான் கோலினின் முகத்தைப் பார்த்தாள். சொன்னதைச் செய்துவிடுகிற முகம்.

"பசிக்குது," என்றாள் திடீரென்று. "ரெண்டு பேரும் டவுனுக்குப் போய் மீ கோரெங் நூடுல்ஸ் கட்டிட்டு வாங்க. நான் சமைக்கல."

"குழம்பு வாசம் வருதே அக்கா?"

"அது நாளைக்கு. போங்க."

விமானத்தை உள்ளே தள்ளிவிட்டுக் கிளம்பினார்கள். கார் சத்தம் அடங்கும்வரை நின்றாள். பிறகு உள்ளே போய், ஒரு பழைய டயருக்குள் துணி விரித்து எல்ஸியை உட்கார வைத்தாள்.

இவன் எப்படியும் பறப்பான். பறக்கிறவன் ரேடியோ என்கிற காதையாவது கொண்டுபோகட்டும்.

பையில் டயப்பர்களுக்கு அடியில் கைவிட்டாள். ஆண்கள் இரண்டு பேரும் வாரக்கணக்கில் தேடிக்கொண்டிருந்த ஸ்பேனர் விரலில் தட்டியது.

பட்டதாரி முறுக்கிய போல்ட்டை, கணவன் பறக்கக் கூடாதென்று அன்று தளர்த்திவிட்டவள், இன்று அதை மறுபடி இறுக்குவதற்காக, கொட்டகைக் கதவை உள்ளே தாழிட்டாள்.