மேல் பாட்டில்

மீட்டரில் 836 என்று வந்ததும் பெஞ்சமின் கை தட்டினான்.

ஓடைத் தண்ணீர் கெட்டுப்போனதற்குக் கை தட்டுகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பதினொரு வருஷமாக மாதம் ஒருமுறை இங்கே வருகிறேன். கல்குவாரிக்குக் கீழே ஒரு பாட்டில், மேலே ஒரு பாட்டில். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளந்து எழுதுவது என் வேலை. மேலே எப்போதும் முந்நூறை ஒட்டித்தான் இருக்கும். கீழே அதைவிட ஐந்நூறு கூடிவிட்டால் குவாரிக்காரர்கள் காலனிக்குக் குடிநீர்க் குழாய் போட்டுத்தர வேண்டும். அப்படித்தான் ஒப்பந்தம்.

போன மாதம் நானூற்றுத் தொண்ணூறு கூடியிருந்தது. பத்தில் போனது. எனக்கே வயிற்றெரிச்சல்.

பெஞ்சமின் அந்தக் காலனிக்காரன். அவனுடைய ஒன்பது வயது மகள் ஜெபாவுக்குச் சிறுநீரகத்தில் கல். நல்ல தண்ணீராக நிறையக் குடிக்க வையுங்கள் என்று செங்கல்பட்டு டாக்டர் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து என் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால் போதும், ஓடி வந்துவிடுவான்.

மேல் பாட்டிலுக்காகப் பாறை வழியே ஏறினோம். அவன் எனக்கு முன்னால் போனான்.

போன மாதம் அங்கே வெறும் கம்பி வேலிதான் இருந்தது. இப்போது மூடிக்கிடந்த பழைய குவாரியைத் திறந்திருந்தார்கள். குழியில் வருஷக்கணக்காகத் தேங்கிய தண்ணீரை இரண்டு மோட்டார்கள் ஓடைக்குள் இறைத்துக்கொண்டிருந்தன.

மீட்டரை விட்டேன். 829.

மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் ஏழு. கணக்குப்படி கீழே இருக்கும் குவாரி ஓடைக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. மீட்டரைத் தூக்கிப் பாறையில் அடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது.

பெஞ்சமினிடம் எண்ணைச் சொன்னேன். அவன் பையிலிருந்து ஜெபாவின் ஸ்கூல் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினான்.

"மேல் பாட்டில்ல இத்த ஊத்திக்கோ ரெஜினாக்கா. பாப்பாவுக்குன்னு எங்க கெணத்துத் தண்ணிய காய்ச்சி வடிகட்டி வெச்சது. சுத்தமா கீது."

பதினொரு வருஷத்தில் ஒரு எண்ணைக்கூட நான் மாற்றி எழுதியதில்லை. அன்றைக்குத் துணிந்துவிட்டேன். முந்நூறு வந்தால் போதும். மேல் பாட்டிலைக் காலி செய்து, அவன் கொடுத்ததில் பாதியை ஊற்றி மீட்டரை விட்டேன்.

1180.

காய்ச்சி வடிகட்டினாலும் கரைந்த உப்பு போகாது. காலனிக் கிணற்றை அளந்து பார் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானாகவும் அளந்ததில்லை.

"இன்னாக்கா, கம்மியா கீதா?" மீட்டர் என் பக்கம் திரும்பியிருந்தது.

சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்லிவிட்டு, வேறு எந்தத் தண்ணீரைக் காட்டுவது? தலையை எப்படி ஆட்டினேனோ, எனக்கே தெரியவில்லை.

அவன் முகம் தெளிந்தது. மிச்சத் தண்ணீரைச் சிந்தாமல் மூடினான். ஸ்கூலில் பெல் அடிப்பதற்குள் ஜெபாவிடம் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இறங்கி ஓடினான்.