மேற்கோள் குறிக்குள் மாப்பிள்ளை

“இந்தப் பையன் வேண்டாம்மா. நாற்காலி திருடி உள்ள போனவன்!”

மடிக்கணினித் திரையைச் சுட்டிக் காட்டினார் அப்பா. தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். யார் சொன்னாலும் நம்பமாட்டார். தன் ஒற்றை விரலால் தட்டி எடுத்ததை மட்டும் நம்புவார். மகள் காதலிக்கும் லிஃப்ட் மெக்கானிக்கின் தலையெழுத்து இப்போது அந்த விரல் நுனியில் இருந்தது.

மகள் அசரவில்லை.

“அது வேற ஆளுப்பா. பேரை மொட்டையா போட்டா ஊர்ல இருக்கறவன் எல்லாம்தான் வந்து நிப்பான். முழுப் பேரையும் மேற்கோள் குறிக்குள்ள போடுங்க.”

போட்டார். லட்சக்கணக்கில் இருந்த தேடல் முடிவுகள் சில நூறாகச் சுருங்கின. நாற்காலித் திருடன் மட்டும் முதலிடத்தில் சட்டமாக உட்கார்ந்திருந்தான்.

“கடைசியில கழித்தல் குறி போட்டு, ஒட்டினாப்புல ‘நாற்காலி’ன்னு அடிங்க. அந்த வார்த்தை இருக்கற பக்கமெல்லாம் கழண்டுக்கும்.”

திருடன் மாயமானான்.

“அட, பலே!” அப்பாவுக்குக் குஷி பிறந்துவிட்டது. “இங்க ஒரு பல் டாக்டர் நிக்கறாரே?”

“தொழிலைச் சேருங்க. லிஃப்ட்.”

பல் டாக்டர் பல்லைக்கூடக் காட்டாமல் போனார்.

“இப்ப குணத்தைச் சேருங்கப்பா. பொறுமை.”

“குணத்தையெல்லாம் கூடவா தேட முடியும்?”

“தெளிவா கேட்டா அதுவும் தெளிவா சொல்லும்.”

‘பொறுமை’ என்று பொறுமையாகத் தட்டினார். ஒரே ஒரு பக்கம் வந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உரக்கப் படித்தார். பழுதான லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு தாத்தா எழுதியிருந்தார். கதவைத் திறக்கும்வரை அந்த மெக்கானிக் தம்பி வெளியிலிருந்து ஆறுதலாகப் பேசிக்கொண்டே வேலை செய்தாராம். அப்படி ஒரு பொறுமையைத் தான் பெற்ற பிள்ளைகளிடம்கூடப் பார்த்ததில்லையாம்.

அப்பா மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்தார்.

“இப்படிப்பட்ட பிள்ளையைப் போய் வேண்டாம்னேனே! நல்லவேளை, நானே தேடிக் கண்டுபிடிச்சேன். இப்பவே உங்கம்மாகிட்ட சொல்றேன்.”

அவர் சமையலறைக்குள் நுழைந்ததும் மகள் போனை எடுத்தாள்.

“அப்பா சரின்னுட்டாரு. போன மாசம் நான் எழுதிப் போட்ட பக்கத்தை ஒரு வார்த்தை பிசகாம அவரே தேடி எடுத்துட்டாரு. நீ சீக்கிரமா யாராவது ஒரு தாத்தாவை லிஃப்டுல மாட்ட விட்டு, பொறுமையா வெளியே எடுத்துடு.”