சோதனைக் கம்பி

“நல்லா இருந்த கொக்கியை எதுக்கும்மா உடைச்சே?”

பட்டறையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார் முதலாளி. கையில் சம்மட்டியோடு நின்றது அவருடைய சொந்தத் தங்கச்சி. உலையிலிருந்து வரும் சரக்கைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை.

“சோதிக்கத்தானே ஒவ்வொரு தடவையும் உலைக்குள்ளே ஒரு கம்பியைச் சேர்த்துப் போடறோம்? அதை உடை, யாரு வேண்டாங்கறா? விக்கிற சரக்கு மேலே ஏன் கை வைக்கிறே?”

“அதானே! வீட்டுல மாப்பிள்ளை மேலே இருக்கிற கோபத்தை இரும்பு மேலே காட்டினா எப்படிம்மா?” ஒத்து ஊதினார் உலைக்காரர்.

“நீங்க சும்மா இருங்க. கோபம் வந்தா முதல் அடி உங்களுக்குத்தான். அண்ணே, கம்பியையும் உடைச்சேன். ரெண்டையும் பாரு.”

கம்பி உடைந்த இடம் சாம்பல் மாதிரி நைசாக இருந்தது. கொக்கி உடைந்த இடத்தில் சர்க்கரை மாதிரி பெரிசு பெரிசாகப் பரல் மினுங்கியது.

“சூடு அதிகமாகி உள்ளே பரல் பெருத்துப் போச்சு. அரம் போட்டுப் பார்த்தா கெட்டியாத்தான் இருக்கும். ஒரு உலுக்கு உலுக்கினா படக்குன்னு போயிடும். அத்தனையும் பள்ளிக்கூடத்து ஊஞ்சலுக்குப் போற கொக்கிண்ணே. ஏறி ஆடப்போறது பச்சைப் புள்ளைங்க!”

“உலைன்னா அங்கங்கே ஏறும், இறங்கும். வாங்கறவன் கேக்கறது கம்பியோட ரிசல்ட்டை. கம்பி பாஸ். கையெழுத்தைப் போடு.”

“ஒரே உலை, ஒரே நெருப்பு. கம்பி மட்டும் எப்படிண்ணே எப்பவும் பாஸாகுது?”

“எனக்கே பாடம் எடுக்கிறியா? போடறதுன்னா போடு, இல்லேன்னா வீட்டுக்குக் கிளம்பு. கையெழுத்துப் போட ஊர்ல ஆளா இல்லே?”

அவள் சம்மட்டியைக் கீழே வைத்தாள். மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

“அப்ப அந்த ஆளையே பாத்துக்கோ. இந்தக் கொக்கிக்கு என் கை எழுதாது.”

விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

“திமிரைப் பாரு திமிரை! ஊரான் பிள்ளைங்க மேலே இவளுக்கு மட்டும்தான் அக்கறையாம். நாமெல்லாம் பிள்ளை குட்டி இல்லாதவங்களா?” பொருமித் தீர்த்தார் முதலாளி.

பிறகு உலைக்காரரைக் கிட்டே கூப்பிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார்.

“எங்க வீட்டுப் பாப்பா ஊஞ்சலுக்கு ரெண்டு கொக்கி வேணும்ப்பா. மத்ததோட சேர்த்து நடுவுலே போட்டுடாதே. உலைக் கதவோரம் சூடு கம்மியா இருக்குமே, எப்பவும் நம்ம கம்பியை வைப்போமே... அங்கேயே வெச்சு எடு.”