எவ்வளவு குறையும்?

அண்ணி எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறாள் என்று கேட்டதும் டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அண்ணியா?"

"அவளேதான். பத்து நாளா அதே பேச்சு. சொல்லிப் பார்த்துட்டேன், கேக்கறதா இல்ல," என்றான் அண்ணன்.

அண்ணிக்கு நாற்பத்தைந்து வயது, நூற்றுப் பன்னிரண்டு கிலோ. நீச்சல் குளத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை. நான் உள்ளே இறங்கினால் தண்ணீரெல்லாம் வெளியே வந்துவிடும், அதனால்தான் வாசலிலேயே உட்கார வைத்துவிட்டார்கள் என்று தன்னையே கிண்டலடித்துச் சிரிப்பாள். எடை மெஷின் பக்கம் அவள் போய் யாரும் பார்த்ததில்லை. அவளுக்கு இப்போது திடீரென்று மெலிய வேண்டுமாம்.

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒன்றரை வருடமாக டீச்சரின் இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வாரத்துக்கு மூன்று நாள், நாள் ஒன்றுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டாள். அண்ணன் தன் சிறுநீரகத்தைக் கொடுக்கிறேன் என்று போய் நின்றான். சர்க்கரை இருக்கிறது, கூடாது என்றுவிட்டார்கள். அண்ணியும் ஒரு நாள் டெஸ்டுக்குப் போனாள். திரும்பி வந்து, "எனக்கு ஒத்து வராதாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள்.

நழுவிவிட்டாள் என்றுதான் டீச்சர் நினைத்தாள். வாய்விட்டுச் சொன்னதில்லை. மறந்ததும் இல்லை.

இப்போது வாயை அடக்க முடியவில்லை. "நான் உயிருக்குப் போராடறேன். அவங்க இடுப்புக்குப் போராடறாங்க."



வீட்டு ஆள் ஒருவர் கூட வந்தால்தான் பேசுவேன் என்று ஆபரேஷன் டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணனுக்கு அன்று வேலையிலிருந்து நகர முடியவில்லை. டீச்சருக்கு டயாலிசிஸ் நடப்பதும் அதே ஆஸ்பத்திரியில், கீழ்த் தளத்தில். முடிந்ததும் மேலே போய் உட்கார் என்றான். அண்ணி மட்டும் வேண்டாம் வேண்டாம் என்றாள். மெஷினில் படுத்து எழுந்த உடம்பு, நேரே வீட்டுக்குப் போய்ப் படு என்று விரட்டினாள். அப்படி எதை மறைக்கிறாள் என்று பார்த்துவிடத்தான் டீச்சர் பிடிவாதமாகப் போனாள்.

டாக்டர் ஒளிக்காமல் பேசுகிறவராக இருந்தார். ஆபரேஷனில் இரண்டு வகை என்றார். ஸ்லீவ் என்றால் இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைக் குழாய் போல ஆக்குவது. பைபாஸ் என்றால் இரைப்பையைச் சின்னப் பையாக்கிக் குடலோடு நேரே இணைப்பது. எதைச் செய்தாலும் ஒரே மாதத்தில் ஆள் மாறிவிட முடியாது. ஒன்றரை வருடத்தில் இருபத்தைந்து, முப்பது கிலோ குறையலாம். தோல் தொங்கும். முடி கொட்டும். ஆயுசுக்கும் சத்து மாத்திரை. வாயைக் கட்டாவிட்டால் போன எடை திரும்பி வரும்.

"கண்ணாடியில வேற ஆளைப் பார்க்கலாம்னு நினைச்சு வந்திருந்தா, இப்பவே சொல்லிடுங்க," என்றார்.

"தோல் தொங்கினா தொங்கட்டும் டாக்டர். எண்பத்தஞ்சுக்கு வந்துடுவேனா?"

"வரலாம். கண்டிப்பா வருவீங்கன்னு என்னால சொல்ல முடியாது."

அண்ணிக்கு ரொம்ப நாளாக நெஞ்செரிச்சல். அவளுக்குப் பைபாஸ்தான் பொருத்தம், எரிச்சலும் அடங்கும், எடையும் கூடுதலாகக் குறையும் என்று டாக்டர் எடுத்துச் சொன்னார். ஸ்லீவ் செய்தால் எரிச்சல் இன்னும் மோசமாகலாம் என்றும் சொன்னார். அண்ணி அசையவில்லை. ஸ்லீவ்தான் என்றாள். ஏன் என்று டாக்டர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"பையை வெளிய நாற்காலியிலயே விட்டுட்டேன். கொஞ்சம் எடுத்துட்டு வர்றியா?"

மெலிவதிலும் சுலபமான வழி தேடுகிறாள் என்று மனசுக்குள் பொருமிக்கொண்டே டீச்சர் எழுந்தாள். பை அங்கேதான் இருந்தது. எடுத்துக்கொண்டு திரும்பினாள். கதவு முழுக்கச் சாத்தியிருக்கவில்லை.

"பைபாஸ் பண்ணினா சில பேருக்குக் கிட்னியில கல்லு வருமாமே. கீழ இருக்கிற கிட்னி டாக்டர் சொன்னார்," அண்ணியின் குரல். "அது வேண்டாம் டாக்டர். அப்புறம் எனக்கு ஒண்ணுதானே இருக்கும்."

டீச்சரின் கை கதவுப் பிடியிலேயே நின்றுவிட்டது.

காகிதம் புரளும் சத்தம். கிட்னி டாக்டரின் கடிதமாக இருக்க வேண்டும். டாக்டர் நிதானமாக வாசித்தார். ரத்தம் பொருந்துகிறது, மற்ற எல்லாம் சரி, இந்த எடையில் மட்டும் சிறுநீரகம் எடுக்க முடியாது, எண்பத்தைந்துக்குக் கீழே வந்தால் மறுபடி பார்க்கலாம். அவர் வாசித்த தேதி, அண்ணி அடுப்பைப் பற்றவைக்கப் போன அதே வாரம்.

   டீச்சருக்கு உள்ளே போகவும் முடியவில்லை, அங்கிருந்து ஓடவும் முடியவில்லை.

"யாருக்குக் கொடுக்கப் போறீங்க?"

"இப்ப வெளிய போனாளே, அவளுக்குத்தான்."

 இவ்வளவு செய்கிறீர்கள், அவரிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று டாக்டர் கேட்டார்.

"எடை குறையுமான்னு உங்களுக்கே நிச்சயமில்ல. அதுக்குள்ள அவளுக்கு எப்படி ஆசை காட்டறது, டாக்டர்? என் மேல கோபமா இருக்கா. இருந்துட்டுப் போகட்டும். கோபத்தைத் தாங்கிடுவா, இன்னொரு ஏமாத்தத்தைத் தாங்க மாட்டா."