வீட்டு வரிசைப்படி

அவர் கண்களை மூடியிருந்தார். இரண்டு கைகளையும் வானத்துக்கு ஏந்தி, மாடி ஜன்னலருகே முழந்தாள் போட்டிருந்தார்.

கீழே நாங்கள் தண்ணீரில் நின்றோம்.

குளம் உடைந்துவிட்டது. தெருவில் மாடி வைத்த வீடு அவருடையது ஒன்றுதான்.

மாடிப்படி வீட்டுக்கு வெளியே. படியின் அடியில் தலைக்கு மேல்வரை கம்பிக்கதவு. உள்பக்கம் பூட்டு. சாவி அவர் சட்டைப்பையில்.

பாம்பு ஏறிவிடும் என்று பூட்டினாராம். பூட்டைப் பார்த்துத் திரும்பிப் போன பாம்பு எந்த ஊரில் உண்டோ.

விடிந்ததும் அவருடைய ஃபிரிட்ஜை மாடிக்கு ஏற்றிக் கொடுத்தது நானும் முப்பிடாதியும்தான். டிவியையும். பதினோரு பெட்டி எபிரெயப் புத்தகங்களையும். பெட்டிக்கு ஒரு ஸ்தோத்திரம் சொன்னார்.

பிறகு முப்பிடாதியின் புருஷனைத் தூக்கி வரப் போனோம்.

சுடலை லாரியிலிருந்து விழுந்தவன். இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கொண்டுவந்தோம். வந்து பார்த்தால் பூட்டு.

"அண்ணாச்சி! ஏ அண்ணாச்சி!"

கண் திறக்கவில்லை. ஜெபத்தில் இருந்தார்.

பொல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. அவர் நோவாவின் பிழையைத் திருத்திக்கொண்டிருந்தார்.

மூன்று வருடமாகச் செல்போனில் யாரோ வெளிநாட்டுக்காரரிடம் படித்தது. யூத மறைஞானிகளின் உள்விளக்கம். வெள்ளிக்கிழமைதோறும் அந்த மாடியில் எங்களுக்கும் அதில் பங்கு உண்டு. காப்பியும் உண்டு என்பதால் நான் தவறியதில்லை.

வெள்ளம் வரும் என்று கடவுள் சொன்னபோது நோவா ஒரு வார்த்தை வாதாடவில்லையாம். ஆபிரகாம் ஓர் ஊருக்காகப் பேரம் பேசினான். மோசே, ஜனத்தை அழிப்பதானால் என் பெயரையும் அழித்துவிடும் ஆண்டவரே என்றான். நோவா படகின் நீள அகலத்தைக் கேட்டுக்கொண்டு மரம் அறுக்கப் போய்விட்டான். எல்லாம் வடிந்த பிறகு வெளியே வந்து, பிணங்களைப் பார்த்து அழுதான். இப்போதா அழுகிறாய் மதிகெட்ட மேய்ப்பனே என்று கடவுள் கேட்டாராம்.

இந்த இடத்தில் அவரும் அழுவார். அவர் மனைவி குளோரி துண்டை எடுத்து நீட்டுவாள். எல்லா வெள்ளிக்கிழமையும்.

ஒருநாள் முப்பிடாதி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"செபம் பண்ணாட்டா போட்டும் அண்ணாச்சி. படகுக் கதவக் கொஞ்சம் தொறந்து வச்சிருக்கலாம்லா?"

அவர் சிரித்தார். வேதத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு அடுக்கு என்றார். நீ சொல்வது ஆக வெளியே இருக்கிற அடுக்கு என்றார்.

நாங்களும் சிரித்தோம்.

இன்று அவர் நோவா அல்ல. எங்களுக்காக மன்றாடினார். பொத்தாம்பொதுவாக அல்ல, கீழ மூலையிலிருந்து, வீட்டு வரிசைப்படி.

முதலில் தையல்காரர். அவருடைய ரகசியக் குடியை மன்னிக்கும்படி கேட்டார். அது எனக்கே தெரியாது. சற்று நேரம் தண்ணீரை மறந்துவிட்டேன்.

அடுத்தது என் வீடு. என் நாவை அடக்கும்படி கேட்டார்.

தண்ணீர் தொடைக்கு வந்தது.

இரண்டு வீடு கழித்து முப்பிடாதி வீடு. "சுடலையை உம்முடைய கரத்தால் தூக்கியெடும் ஆண்டவரே!"

"இந்தா, கீழதான் இருக்கேன் அண்ணாச்சி" என்றான் சுடலை. "கரமெல்லாம் வேண்டாம். சாவியப் போடுங்க."

தண்ணீர் அவன் கழுத்தைத் தொட்டிருந்தது. மாவுக்கட்டு கரைந்து நாற்காலியைச் சுற்றி வெள்ளையாகப் பரவியது. முப்பிடாதி அவன் தாடையைக் கையால் உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். சத்தம் போடுவதை நிறுத்திவிட்டாள்.

அவருக்குப் பின்னால் குளோரி நின்றாள்.

ஜெபத்தில் இருப்பவரை அந்த வீட்டில் யாரும் தொடுவதில்லை. அடுப்பில் சோறு தீய்ந்தாலும் தீயட்டும். முப்பது வருடப் பழக்கம்.

குளோரி நாற்காலியைப் பார்த்தாள். மெல்லக் குனிந்தாள். அவள் விரல்கள் அவர் சட்டைப்பைக்குப் போயின.

வானத்துக்கு ஏந்தியிருந்த கைகளில் ஒன்று இறங்கியது. பையைப் பொத்திக்கொண்டது.

கண்கள் மூடியே இருந்தன.

ஜன்னலில் குளோரியைக் காணவில்லை.

பிறகு படியில் இறங்கி வந்தாள். கையில் அம்மிக் குழவி. எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. படியில் உட்கார்ந்து, தண்ணீருக்குள் கைவிட்டுப் பூட்டைத் தூக்கிக் கம்பியோடு சேர்த்துப் பிடித்தாள். அடித்தாள்.

மேலே குரல் உயர்ந்தது.

மறுபடி அடித்தாள். அவள் விரலும் நசுங்கியது. 

வரிசைப்படி அடுத்தது ரேஷன் கடைக்காரர் வீடு. ஜெபத்தில் அதைத் தாண்டிவிட்டார். "என் மனைவி குளோரியை மன்னியும் ஆண்டவரே" என்றார். தெருமுழுக்கக் கேட்கும்படி.

நான்காவது அடியில் பூட்டு விட்டது.

சுடலையை நாற்காலியோடு தூக்கினோம். முதல் திருப்பத்தில் அவன் இருமித் தண்ணீரைத் துப்பினான். கெட்ட வார்த்தை ஒன்றும் சொன்னான். முப்பிடாதி அப்போதுதான் அழுதாள்.

"ஏட்டி குளோரி, நீயும் மேல வா" என்றேன்.

"நீங்க போங்க மைனி."

அதே படியில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். குழவி மடியில் இருந்தது.

மேலே அவளுக்கான ஜெபம் இன்னும் முடியவில்லை.